கலாமணியின் பெட்டி

ஜூன் 3, செவ்வாய்

பெனிட்டா சொல்லித்தான் இதை ஆரம்பிக்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் வந்து கலாமணியின் கை கால்களை நீட்டி மடக்கிவிட்டுப் போகும் பிசியோதெரபிஸ்ட் அவள். "நோயாளியப் பாத்துக்கறவங்க தினமும் நாலு வரி எழுதணும் சார், மனசு லேசாகும்" என்றாள். என் மனசில் அப்படி ஒன்றும் பாரமில்லை. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம். ஆனாலும் டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து மாதிரி இதையும் செய்துவிடுகிறேன்.

விவரம் இவ்வளவுதான். கலாமணி என் மனைவி. வயது நாற்பத்தொன்று. மேல்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியை. பிப்ரவரி பதினெட்டாம் தேதி ஸ்ட்ரோக். ரத்தக் கட்டைக் கரைக்க ஊசி போட்டார்கள். ஊசிக்குப் பிறகு மூளைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம். இப்போது பேச்சு கிடையாது. கழுத்துக்குக் கீழே வலது கைக் கட்டைவிரல் மட்டும் அசைகிறது. கண் தெரிகிறது, காது கேட்கிறது, புத்தி பழையபடியே இருக்கிறது என்றார் டாக்டர். பழையபடியே என்று அவர் சொன்னபோது அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று: ஐந்தரைக்கு எழுந்து படுக்கை விரிப்பு மாற்றினேன். இட்லி மாவு அரைத்தேன். கஞ்சியைக் கூழாக்கி ஊட்டினேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைத்தேன். நடுவில் ஆபீஸ் வேலையும் பார்த்தேன். எந்தப் புருஷன் செய்வான்? சிங்காநல்லூர் முழுக்கத் தேடட்டும்.

ஜூன் 5, வியாழன்

பெனிட்டா இன்று ஒரு யோசனையோடு வந்தாள். அந்தக் கட்டைவிரலை வைத்துக் கலாமணி எழுதலாமாம். வேலூரில் ஒரு அறக்கட்டளையில் அப்படி ஒரு கருவி இரவல் தருகிறார்களாம். "ஆனா நீங்களே மைக்ரோகண்ட்ரோலர் ஆளுதானே சார். ஸ்பின்னிங் மில் மிஷினுக்கெல்லாம் போர்டு பண்றீங்க. இது உங்களுக்குச் சுண்டைக்காய்."

இதுவரை கலாமணியின் பாஷை கண் சிமிட்டல்தான். ஒரு தடவை என்றால் ஆமாம், இரண்டு தடவை என்றால் இல்லை. என்னைக் கேட்டால் அதுவே தாராளம். கேள்வி நாம் கேட்பதாக இருக்கிறது, அவளுக்கும் சிரமமில்லை.

ஆனால் வேலூரிலிருந்து யாரோ ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் வருவதைவிட நானே செய்வது மேல். ஒரு வாரத்தில் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

பெனிட்டாவுக்குப் புரியும்படி விளக்கினேன். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு சின்ன ஜாய்ஸ்டிக். அதை ஆட்டினால் பெட்டியின் திரையில் அ, ஆ, இ என்று எழுத்துகள் நகரும். அமுக்கினால் அந்த எழுத்து லேப்டாப்புக்குப் போகும். நீளமாக அமுக்கினால் அதே ஜாய்ஸ்டிக் மவுஸாகிவிடும். ஒரே ஒயர்தான், ஆனால் லேப்டாப் அதைக் கீபோர்டு, மவுஸ் என்று இரண்டு சாதனமாகப் பார்க்கும். இதற்குக் காம்போசிட் என்று பெயர்.

யூ.எஸ்.பி.யில் ஒரு சம்பிரதாயம் உண்டு. செருகியவுடன் கம்ப்யூட்டர் "நீ யார்?" என்று கேட்கும். பெட்டி தன் பெயர், எண், தனக்குள் இருப்பவர்கள் எத்தனை பேர், அவர்களின் பெயர் என்ன என்று முழு ஜாதகத்தையும் ஒப்பிக்க வேண்டும். எதையும் ஒளித்துவைக்க முடியாது. ஒரு பைட் தப்பினாலும் கம்ப்யூட்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"மாப்பிள்ளை பாக்கற மாதிரியே இருக்கே சார்" என்று பெனிட்டா சிரித்தாள். கலாமணி சிரிக்கவில்லை. சிரிக்கவும் முடியாது என்பது வேறு விஷயம்.

ஜூன் 14, சனி

"என்ன சார், ஒரு வாரம்னீங்க?"

மவுஸ் இழுக்கிறது, டிஸ்கிரிப்டரில், அதாவது அந்த ஜாதகத்தில், கோளாறு என்றேன். உண்மையைச் சொன்னால் செவ்வாய்க்கிழமையே இரண்டும் கச்சிதமாக வேலை செய்தன. கலாமணி தூங்கும்போது அவள் லேப்டாப்பிலேயே செருகிப் பார்த்தேன். ஆனால் அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டு நாளைக்கு ஒரு குறை வந்தால் யார் பேச்சு வாங்குவது? ஆற அமரத்தான் கொடுக்க வேண்டும்.

விரலுக்கு ரப்பர் உறை வாங்க வேண்டும். துவரம்பருப்பு தீர்ந்துவிட்டது.

ஜூன் 22, ஞாயிறு

அவளுடைய அக்கா யசோதா உடுமலையிலிருந்து வந்திருந்தாள். கையோடு ஒரு தூக்கு ரசம். என் ரசம் ஆகாதாம்.

வந்ததும் வராததுமாக அதே பாட்டு. "ஏனுங் தம்பி, நீங்க ஒத்தையாள் எத்தன நாளைக்குத்தான் பாப்பீங்க? உடுமலைக்கு அனுப்பி வையுங். அங்க நாங்க நாலு பேரு இருக்கறோம்."

"எனக்கு ஒண்ணும் சிரமமில்லீங்க அக்கா."

"உங்க சிரமத்தக் கேக்கலீங் தம்பி. அவளக் கேக்கறேன்." கட்டில் பக்கம் குனிந்தாள். "கலா, அக்கா கூட வர்றியா கண்ணு?"

கலாமணி இரண்டு தடவை கண் சிமிட்டினாள். இல்லை என்று அர்த்தம். அவள் ஒரு தடவைதான் சிமிட்டினாள், இரண்டாவது கண்ணீர் வந்து மூடியது என்று யசோதா அக்கா சாதித்தாள். பெட்டி தயாராகட்டும், அவளே எழுதட்டும் என்று நான் பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"ஆமாங், அதுதான் சரி. 'வர்றேன்'னு ஒரு வார்த்தை எழுதட்டும், அன்னைக்கே வண்டி கொண்டாந்துருவேன்" என்றாள். எழுந்தவள் போகவில்லை. "தம்பி, நானும் கேக்கோணும் கேக்கோணும்னு இருக்கறேன். அன்னைக்குக் காலைல பதினோரு மணிக்கு எனக்குப் போன் போட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு வந்தர்றேன்னா. துணியெல்லாம் எடுத்து வெச்சுட்டேன்னா. அப்புறம் நாலு தடவ அடிச்சேன், எடுக்கவே இல்ல."

"போன் சார்ஜுல இருந்துதுங்க. நாலரைக்கு எனக்கு டீ போட்டுக் குடுத்தா, நல்லாத்தான் இருந்தா. அஞ்சு மணிக்குப் பாத்தா விழுந்து கிடந்தா. ஆஸ்பத்திரியிலயும் இதத்தான் சொன்னேன்."

"அப்படிங்களா" என்றாள். இந்த ஊரில் அப்படிங்களா என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அன்று அவள் பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள், காலையில் எங்களுக்குள் சண்டை நடந்தது உண்மைதான். எந்த வீட்டில் இல்லை? பானை என்று இருந்தால் கரண்டி மோதத்தான் செய்யும்.

ஜூன் 23, திங்கள்

பெட்டிக்குள் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன். சீரியல் போர்ட். கீபோர்டு வழியாக என்னென்ன எழுத்து போகிறதோ, அழித்தவை உட்பட, அதன் நகல் இதன் வழியாக லேப்டாப்பில் ஒரு ஃபைலில் சேரும். நேரத்தோடு சேரும். எங்கள் தொழிலில் இதற்கு லாக் என்று பெயர். லாக் இல்லாமல் எவனும் போர்டு செய்வதில்லை. எங்காவது கோளாறு வந்தால் கண்டுபிடிக்க வேண்டாமா?

பெனிட்டாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு இதெல்லாம் தேவையில்லாத நுணுக்கம்.

ஜூலை 1, செவ்வாய்

இனிமேலும் தள்ள முடியாமல் பெட்டியைக் கட்டிலில் பொருத்தினேன். பெனிட்டா சாக்லேட் வாங்கி வந்திருந்தாள்.

ஆரம்பமே தகராறு. லேப்டாப் பெட்டியை ஏற்றுக்கொள்ளவில்லை. ஐந்து நிமிடம் மண்டை காய்ந்த பிறகுதான் புரிந்தது. இந்த லேப்டாப்பில் முன்பே இரண்டு பேர் இருந்த பெட்டியைச் செருகிப் பார்த்திருக்கிறேன். எண்ணை மாற்றாமல் உள்ளே மூன்றாவது ஆளைச் சேர்த்தால், அது பழைய ஜாதகத்தையே கையில் வைத்துக்கொண்டு குழம்புகிறது. கல்லூரி முடித்து வரும் பையன்கள் இந்தத் தப்பைச் செய்தால் ஒரு வாரம் கிண்டல் செய்வேன். எண்ணை மாற்றி மறுபடி செருகினேன்.

இப்போது அது புதுச் சாதனம் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து விசாரித்தது. விசாரித்ததைத் திரையின் மூலையில் அறிவிப்பாகவும் போட்டது. கீபோர்டு. மவுஸ். மூன்றாவதாக ஆங்கிலத்தில் 'கலாமணி லாக்'.

உள்ளே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க இடமுண்டு. வேலை மும்முரத்தில் நாங்கள் வாய்க்கு வந்ததை வைத்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விடுவோம். பிறகு என்பது வருவதில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். நாலைந்து வினாடிதான் இருந்தது, மறைந்துவிட்டது. பெனிட்டா சாக்லேட் பிரித்துக்கொண்டிருந்தாள். கலாமணி ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் வாக்கியத்துக்குப் பதினாறு நிமிடம் ஆனது. நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். "ஃபேனைக் குறைங்க. நாலு மாசமா மூஞ்சில அடிக்குது."

பெனிட்டா அழுதுவிட்டாள். நான் ஃபேனைக் குறைத்தேன். வேர்க்குமே என்று நல்லெண்ணத்தில்தான் ஐந்தில் வைத்திருந்தேன்.

மாலையில் லாக்கைப் பார்த்தேன். ஃபேனுக்கு முன்னால் 'ஏன்' என்று எழுதி அழித்திருக்கிறாள். யாரைக் கேட்கிறாள் என்று தெரியவில்லை.

ஜூலை 4, வெள்ளி

மழை. சிலிண்டர் வந்தது. துணி காயவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

லாக்கில் 'அன்னைக்கு' என்று நான்கு தடவை. நான்கையும் அழித்திருக்கிறாள். ஐந்தாவது தடவை 'நீங்க அன்னைக்கு' வரை வந்து நிறுத்தியிருக்கிறாள்.

நாள் முழுக்க வேலை ஓடவில்லை. மீட்டிங்கில் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னேன். யசோதா அக்கா ஆடிப்பெருக்குக்கு வருகிறாளாம், வண்டியோடு.

டாக்டர் சொல்லியிருக்கிறார், நோயாளி பழைய அதிர்ச்சியை நினைத்தால் ரத்த அழுத்தம் ஏறுமென்று. நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். மைக்ரோகண்ட்ரோலரில் வாட்ச்டாக் என்று ஒன்று உண்டு. போர்டு எங்காவது மாட்டிக்கொண்டு நின்றால் கடித்து எழுப்பி முதலிலிருந்து ஓட வைக்கும் காவல் நாய். அதற்கு ஒரு புது வேலை கொடுத்தேன். 'அன்னைக்கு' என்று வந்தால் அந்த வரியை அழித்துவிட்டுப் பெட்டி தானாக அணைந்து மறுபடி எழும். எழ இரண்டு வினாடி போதும். நாற்பது வினாடி வைத்தேன். அவள் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

ஜூலை 13, ஞாயிறு

முந்தாநாள் பெனிட்டா, "சார், பெட்டி அடிக்கடி ஆஃப் ஆகுதே, பாவம் ஒவ்வொரு தடவையும் மறுபடி அ-விலிருந்து ஆரம்பிக்கறாங்க" என்றாள். மெத்தையில் இருக்கும் ரெக்ஸின் உறையால் மின்னூட்டம் ஏறுகிறது என்றேன். அவள் ரெக்ஸின் உறையை எடுத்துவிட்டுப் பருத்தித் துணி போட்டுவிட்டுப் போனாள். இப்போது துவைப்பது யார்? நான்.

இன்று மட்டும் ஆறு தடவை. ஆறு தடவை பெட்டி அணைந்தது, ஆறு நாற்பது வினாடிகள் அவள் இருட்டுத் திரையைப் பார்த்துக் கிடந்தாள். மறுபடியும் அதே சொல்லுக்கே போனாள். பிடிவாதத்தில் அவளுக்கு நிகர் அவள்தான், கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். ஏழாவது தடவை விரல் நின்றுவிட்டது. கண்ணைத் துடைத்துவிட்டேன். கூழ் ஊட்டினேன், வாங்கிக்கொண்டாள்.

எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கல்லா நான்?

ஜூலை 19, சனி

நேற்றைய லாக். அப்படியே எழுதுகிறேன்.

அன்னைக்கு. (அணைந்தது.)
அன்னைக்கி. (அணையவில்லை.) அழித்திருக்கிறாள்.
அன்று. அழித்திருக்கிறாள்.
அன்றைக்கு. அழித்திருக்கிறாள்.
அன்னை. அழித்திருக்கிறாள்.
இன்னைக்கு. அழித்திருக்கிறாள்.
அன்னைக்கு. (அணைந்தது.)

முதலில் எழுத்துப்பிழை என்று நினைத்தேன். டீ ஆறும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு மறுபடி மேலிருந்து படித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறாள். புரோகிராமில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அது. நான்தான் கேலி செய்வேன், ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவளுக்குப் பெரிய இன்ஜினியர் என்று நினைப்பா என்று.

பட்டியலின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி அழித்திருந்தாள். கலாமணி லாக்.

பெட்டியைச் செருகிய அன்று ஃபேனைப் பார்க்கவில்லை அவள்.

ஜூலை 20, ஞாயிறு

லாக்கை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் அவள் அக்காவுக்கு என்ன எழுதப் போகிறாள் என்று முன்கூட்டித் தெரியாது. சொற்களைக் கூட்டித் தடுக்கலாமா என்று யோசித்தேன். எத்தனை சொல்லைத் தடுப்பது? ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் சொல்லத் தமிழில் வழியா இல்லை. பெட்டியே எரிந்துவிட்டது என்று சொல்லிப் பார்க்கலாமா என்று பெனிட்டாவுக்குப் போன் போட்டேன். "ஐயோ, கவலப்படாதீங்க சார், வேலூர்ல சொல்லி வேற வாங்கிரலாம், ரெண்டே நாள்" என்றாள். சரியாகிவிட்டது, ஒயர்தான் லூஸ் என்று சொல்லி வைத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நயமாகத்தான் பேசினேன்.

"கலா, அக்கா வர்றாங்க. தேவையில்லாததயெல்லாம் எழுதி அவங்க மனச நோகடிக்காத. உனக்கு இங்க என்ன குறை வெச்சிருக்கேன்?"

விரல் அசைந்தது. 'குறை இல்ல' என்று திரையில் வந்தது.

"நடந்தது நடந்துருச்சு. அத ஆஸ்பத்திரில சொல்லி, அக்காகிட்டச் சொல்லி, யாருக்கு என்ன ஆகப்போகுது? உன் கை திரும்பி வந்துருமா?"

'வராது.'

அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியவில்லை. "பெட்டி நான் குடுத்தது. ஒயரப் புடுங்கினா அப்புறம் கண்ணச் சிமிட்டிட்டுக் கிடக்க வேண்டியதுதான், தெரியுதா?" என்று கத்திவிட்டேன். ஒயரைக் கையில் பிடித்தும்விட்டேன். பிடுங்கவில்லை. அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்றைய லாக்கில் அழித்த எழுத்து ஒன்றுகூட இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. பயம் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

மாலையில் வாட்ச்டாக்கைப் பழையபடி மாற்றினேன். அவளுக்குத் தெரிந்துபோன பிறகு அது இருந்து என்ன, இல்லாமல் என்ன.

ஆகஸ்ட் 2, சனி

சாப்பிடவில்லை. நாளைக்கு அவள் ஒரே ஒரு நேரத்தை எழுதினால் போதும். யசோதா அக்கா நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போவாள். அந்த டாக்டர் என்னிடம் கடைசியாக எப்போது நன்றாக இருந்தாள் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். நேரத்தைப் பார்த்துத்தான் ஊசி போடுவார்களாம், தாமதமாகிவிட்டால் போடக் கூடாதாம். இதை எனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் ஏன்...

சரி. வீடு கூட்ட வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

பதினோரு மணிக்கு வேன் வந்தது. உள்ளே மெத்தை போட்டு, தலையணை வைத்து, எல்லா ஏற்பாட்டோடும் வந்திருந்தாள் யசோதா அக்கா. பெனிட்டாவையும் அவளே வரச்சொல்லியிருக்கிறாள், தூக்கி ஏற்ற ஆள் வேண்டுமென்று. கட்டிலுக்கு அந்தப் பக்கம் இருவரும், இந்தப் பக்கம் நான்.

"கலா, இப்ப எழுது கண்ணு. உம்மனசுல என்ன இருக்குதோ அத எழுது. அக்கா இருக்கறேன்."

விரல் அசைந்தது. ப. தி. அழித்தாள். மறுபடி ப, தி, னொ. அழித்தாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எழுதும்போது அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். இப்படி ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு எழுத்து கூட.

"என்ன சாமி, எழுதி எழுதி அழிக்கறே?" என்று அக்கா முந்தானையால் அவள் நெற்றியைத் துடைத்தாள்.

பிறகு நிறுத்தாமல் எழுதினாள். இப்போதெல்லாம் வேகமாக எழுதுகிறாள். "நான் வரல அக்கா. இவரு என்னய நல்லாப் பாத்துக்கறாரு. இவர உட்டுட்டு நான் எங்கயும் வர மாட்டேன்."

யசோதா அக்கா இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் சுற்றி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தம்பி, நான் உங்களத் தப்பா நெனச்சுப்போட்டனுங். என்னென்னமோ நெனச்சுப்போட்டேன். மன்னிச்சுக்குங்." அழுதாள். பெனிட்டாவும் அழுதாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தப்பித்துவிட்டேன் என்ற அழுகைதான், வேறென்ன.

தேங்காய்ப்பால் சாதம், எலுமிச்சை சாதம் எல்லாம் வைத்துவிட்டு வேன் இரண்டு மணிக்குக் காலியாகத் திரும்பிப் போனது. கலாமணியின் நெற்றியில் முத்தம் கொடுத்தேன். வருடக்கணக்காயிற்று.

ஆகஸ்ட் 4, திங்கள்

நேற்று மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை எழுதியிருக்கிறாள். நான் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். எழுதி முடித்து, கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்து வரை அழித்திருக்கிறாள். திரையில் ஒன்றும் மிச்சமில்லை. லாக்கில் முழுதும் இருக்கிறது.

"பதினொண்ணே முக்கால். கை மரத்துப் போச்சு, நாக்கு குழறுதுன்னு வந்து சொன்னேன். அக்கா வீட்டுக்குப் போறதுக்கு இது ஒரு நடிப்பான்னு கேட்டீங்க. போனப் புடுங்கி ட்ராயர்ல வெச்சீங்க. ரூம் கதவச் சாத்திட்டு மீட்டிங் போனீங்க. நான் சமையல்கட்டு வாசல்ல விழுந்தேன். கூப்பிட்டேன், சத்தம் வரல. மூணு மணிக்குத் தண்ணி குடிக்க வந்தீங்க. என்னத் தாண்டித்தான் போனீங்க. எந்திரிடி, போதும் நாடகம்னீங்க. திரும்பவும் தாண்டிப் போனீங்க. அஞ்சு மணிக்குத்தான் தூக்கினீங்க.

டாக்டர் மூணு தடவ கேட்டாரு. மூணு தடவயும் நாலரைன்னீங்க. நாலரைன்னு சொன்னதாலதான் அந்த ஊசியப் போட்டாங்க. நான் பக்கத்துலதான் கிடந்தேன். எனக்குக் காது கேட்டுச்சு.

அக்காகிட்ட ஒரு தடவதான் சொல்ல முடியும். அழுவா, என்னயக் கூட்டிட்டுப் போயிருவா. நீங்க எங்கயோ போயி நல்லா இருப்பீங்க. இல்லாட்டி ஜெயில்ல இருப்பீங்க, எனக்கு எட்டாத எடம். இங்க இருந்தா உங்ககிட்ட தினமும் சொல்லலாம். லாக்க எடுத்துராதீங்க. எடுத்தீங்கன்னு தெரிஞ்சா அன்னைக்கே அக்காவுக்கு எழுதிருவேன்."

படித்தேன். இதில் ஒரே ஒரு தப்பு இருக்கிறது. நான் தண்ணீர் குடிக்க வந்தது மூன்று மணிக்கு இல்லை. இரண்டே காலுக்கு.

ஆகஸ்ட் 9, சனி

பெனிட்டா வந்தபோது பக்கத்து வீட்டு அம்மாவும் வந்து எட்டிப் பார்த்தார். கலாமணி அவர்களுக்காகத் திரையில் எழுதினாள்: "இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்க புண்ணியம் பண்ணிருக்கணும்." அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஊரிலேயே இப்படி ஒரு ஆம்பளையைப் பார்த்ததில்லை என்றார். ஆபீஸில் பெங்களூர் மாற்றல் கேட்டிருந்தேன். வேண்டாமென்று இன்று கடிதம் அனுப்பிவிட்டேன்.

அவர்கள் போன பிறகு அவள் அழிக்காமல் எழுதினாள். "லாக்கத் தொறங்க. சத்தமாப் படிங்க."

எனக்குப் புரியாதது போல நின்றேன். அவள் காத்திருந்தாள். அவளுக்கு வேறு வேலை இல்லை. நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து படித்தேன். பதினொன்றே முக்கால் என்பதை முணுமுணுத்துக் கடந்துவிடலாம் என்று பார்த்தேன்.

"சத்தமா. மொதல்ல இருந்து."

படித்தேன். 'என்னத் தாண்டித்தான் போனீங்க' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

"மொதல்ல இருந்து."

ஜன்னலைச் சாத்திவிட்டு வரட்டுமா என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும் சத்தம்கூட இங்கே கேட்கும். விரல் நிதானமாக நகர்ந்தது.

"வேண்டாம். காத்து வரட்டும். படிங்க."